எது ஒன்று? வேர்ப்பூஞ்சைகளும் உயிரின் தனித்தன்மையும்

உலகில் எத்தனை வகை உயிர்கள் உள்ளன என்று எண்ணத் தொடங்குபவர், எண்ணுவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்: எதை ஒன்று என்று கொள்வது? மாடு, மயில், பனை போன்றவற்றைப் பொறுத்தவரை இக்கேள்வி எழுவதே இல்லை. ஓர் உடல், ஓர் உயிர், ஒரு பிறப்பு, ஓர் இறப்பு என்னும் நான்கும் அங்கே பொருந்திவிடுவதால், கண் கண்டதை அறிவும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் செடிகளின் வேர்களோடு கூடி மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளை ஆராயப் புகுந்தவர்கள், கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளில், இந்த நான்கும் பிரிந்து நிற்கும் ஓர் உயிர்ப்பரப்பை எதிர்கொண்டார்கள். அங்கே ஓர் உயிர் முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை எது, ஓர் இனம் முடிந்து அடுத்த இனம் தொடங்கும் எல்லை எது, உறவு என்பது முன்பே முழுமையாக உள்ள உயிர்களுக்கிடையே பின்னர் வந்து சேர்வதா அல்லது அவற்றை ஆக்குவதில் பங்குடையதா என்பன ஆய்வுக்கூடத்திலேயே எழும் கேள்விகளாகிவிட்டன. சமணமும் பௌத்தமும் நியாய வைசேடிகமும் சைவ சித்தாந்தமும் பல நூற்றாண்டுகளாக வாதிட்டுவந்த கேள்விகளும் இவற்றுக்கு நெருக்கமானவையே. அம்மரபுகள் வேர்ப்பூஞ்சையை அறிந்திருந்தன என்று சொல்வது பொய்யாகும். ஒருமை, பன்மை, சார்பு ஆகியவற்றைப் பற்றி அவை கண்ட நுட்பமான வேறுபாடுகள், இன்றைய ஆய்வின் முடிவுகளைத் தெளிவாகச் சிந்திக்கக் கருவியாகும் என்று சொல்வது மட்டுமே பொருந்தும்.

முதலில் பொருளின் இயல்பை அறிய வேண்டும். 1880களில் பிரஷ்ய அரசு, நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த உணவுக்காளானாகிய டிரஃபிளைப் பயிரிட்டு வளர்க்க வழியுண்டா என்று ஆராயும் பொறுப்பை ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் என்னும் தாவரவியலாளரிடம் ஒப்படைத்தது. அவர் காட்டு மரங்களின் வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, நுனிவேர்கள் அனைத்தும் பூஞ்சை இழைகளாலான ஓர் உறையால் போர்த்தப்பட்டிருப்பதையும், அவ்வாறு போர்த்தப்பட்ட மரங்கள் நோயின்றிச் செழித்திருப்பதையும் கண்டார். வேரும் பூஞ்சையும் சேர்ந்த இந்த அமைப்புக்கு 1885இல் அவர் மைக்கோரைசா என்று பெயரிட்டு, பூஞ்சையே மரத்துக்கு நீரையும் ஊட்டத்தையும் கொண்டுவந்து தருகிறது என்று வாதிட்டார். பூஞ்சையைப் பயிர்க்கொல்லியாக மட்டுமே அறிந்திருந்த அக்காலத்து அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. ஆயினும் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1879இல், அன்டன் டி பாரி என்னும் ஜெர்மானிய அறிஞர், வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்தலைக் கூட்டுயிர் வாழ்க்கை என்று வரையறுத்திருந்தார். நன்மை தரும் உறவு, தீமை தரும் உறவு இரண்டையுமே அவ்வரையறை உள்ளடக்கியது என்பது இங்கே நினைவிற்கொள்ளத் தக்கது.

இன்று வேர்ப்பூஞ்சைகளைச் சில பெரும் பிரிவுகளாகப் பகுக்கிறார்கள். வேரின் செல்களுக்குள் நுழைந்து, அங்கே ஆர்பஸ்கூல் எனப்படும் நுண்ணிய மரக்கிளை போன்ற உறுப்பை விரிப்பவை உள்வேர்ப்பூஞ்சைகள். தமிழ்நாட்டு உழவர்கள் வேர் உட்பூசணம் என்றும் வேம் என்றும் அறிந்திருக்கும் உயிர் உரம் இவ்வகையைச் சேர்ந்தது. வேர்நுனியைச் சுற்றி உறையமைத்து, செல்களுக்குள் புகாமல் அவற்றின் இடைவெளிகளில் வலைபோல் பரவுபவை புறவேர்ப்பூஞ்சைகள். ஆர்க்கிடுகளோடு வாழ்பவை ஒரு பிரிவு. ரோடோடென்ட்ரான் அடங்கிய எரிக்கேசியே குடும்பச் செடிகளோடு வாழ்பவை மற்றொரு பிரிவு. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களையுடைய தாவர இனங்களில் ஏறத்தாழ 72 விழுக்காடு உள்வேர்ப்பூஞ்சையோடும், சுமார் 10 விழுக்காடு ஆர்க்கிடு வகைப் பூஞ்சையோடும், 2 விழுக்காடு புறவேர்ப்பூஞ்சையோடும் வாழ்கின்றன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த 2 விழுக்காட்டில் பைன், ஓக், பிர்ச் ஆகியவையும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மழைக்காடுகளிலும் ஓங்கி வளரும் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்களும் அடங்குவதால், எண்ணிக்கையில் சிறியதான அப்பிரிவு பெருங்காடுகளைத் தாங்கி நிற்கிறது. கடுகு, முட்டைக்கோசு முதலியவற்றின் குடும்பம் போன்ற சிலவே பூஞ்சைத் துணையின்றி வாழப் பழகியவை.

இவ்வுறவின் பழமை தத்துவ நோக்கில் முக்கியமானது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரருகே கிடைக்கும், ஏறத்தாழ 40.7 கோடி ஆண்டுப் பழமையுடைய சிலிக்காப் பாறைக்குள், அக்லாவோஃபைட்டன் என்னும் தொல்தாவரத்தின் செல்களில் ஆர்பஸ்கூல்கள் கல்லாய் உறைந்து கிடக்கின்றன. அத்தாவரத்துக்கு உண்மையான வேர் கிடையாது. தரையில் படர்ந்த தண்டிலேயே பூஞ்சை வாழ்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளில் இவ்வகைப் பூஞ்சைகளின் வித்துகளை ஒத்த புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. நீரை விட்டு நிலத்துக்கு வந்த தாவரங்கள் தனியே வந்து, காலூன்றி, பிறகு நட்புத் தேடவில்லை. வேர் என்னும் உறுப்பு தோன்றுவதற்கு முன்பே பூஞ்சையோடு உறவு இருந்தது. உறவுக்கு முன்பே உறவாடும் இரண்டு பொருள்களும் முழுமைபெற்றுவிட வேண்டும் என்று பொதுவாக எண்ணப்படும் எண்ணத்தை, இங்கே காலவரிசையே மறுத்துவிடுகிறது.

இத்தகைய உயிர்களை எவ்வாறு அறிவது என்பது அடுத்த கேள்வி. இந்திய அளவைநூல்கள் அறிவின் வாயில்களாகிய பிரமாணங்களில் காட்சியையும் அனுமானத்தையும் முதன்மையாக வைத்தன; புகையைக் கண்டு நெருப்பை உணர்வது அனுமானம். மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் பிரமாணங்களை எடுத்துரைக்கும் பகுதியும், பௌத்த அளவையியலை விரித்துரைக்கும் பகுதியும் இடம்பெற்றிருப்பது, தமிழிலும் இவ்விவாதம் வேரூன்றியிருந்ததைக் காட்டும். வேர்ப்பூஞ்சை ஆய்வின் வரலாறு, காட்சியிலிருந்து அனுமானத்தை நோக்கிப் படிப்படியாக நகர்ந்த வரலாறாகவே அமைந்துள்ளது. 1963இல் கெர்டிமன், நிக்கல்சன் ஆகிய இருவரும் மண்ணை நீரில் கலக்கி, கண்ணளவு குறைந்துகொண்டே போகும் சல்லடைகளில் வடிகட்டி, உள்வேர்ப்பூஞ்சையின் வித்துகளைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார்கள். 1970இல் பிலிப்ஸ், ஹேமன் ஆகியோர் வேரைக் காரக்கரைசலில் வேகவைத்து நிறமிழக்கச் செய்து, பின்னர் நீலச்சாயமேற்றி, செல்லுக்குள் உள்ள பூஞ்சையை நுண்நோக்கியில் காணும் முறையைத் தந்தார்கள். முதல் முறையில் வித்தின் நிறமும் சுவரடுக்கும் தெரியும், ஆனால் அது எந்த வேரில் வாழ்ந்தது என்பது தெரியாது. இரண்டாம் முறையில் வேரில் பூஞ்சை இருப்பது தெரியும், ஆனால் எந்த இனம் என்பது பெரும்பாலும் தெரியாது.

இவ்விடைவெளியை டி.என்.ஏ. ஆய்வு நிரப்பியது. ஒரு பிடி மண்ணிலிருந்தோ ஒரு துண்டு வேரிலிருந்தோ எல்லா டி.என்.ஏ.வையும் பிரித்தெடுத்து, பூஞ்சைக்குரிய குறிப்பிட்ட ஒரு மரபணுப் பகுதியைப் பல மடங்கு பெருக்கி, அதன் எழுத்து வரிசைகளைப் படித்து, ஒத்தவற்றை ஒன்றாகத் தொகுத்தால், அங்கே எத்தனை வகைப் பூஞ்சைகள் உள்ளன என்பதை அவற்றில் ஒன்றையும் கண்ணால் காணாமலே மதிப்பிட முடிகிறது. இவ்வாறு அறியப்பட்டவற்றில் பலவற்றுக்கு உடல் அடையாளம் இல்லை. அவற்றின் வித்தையோ காளானையோ கண்டவர் எவருமில்லை. உள்வேர்ப்பூஞ்சைகளில் முறைப்படி விவரிக்கப்பட்டுப் பெயர் பெற்ற இனங்கள் 300க்குச் சற்று மேல்தான். மரபணு வரிசையால் மட்டுமே அறியப்பட்ட தொகுதிகளை எஸ்டோனியாவின் டார்ட்டு நகர ஆய்வாளர்கள் மெய்நிகர் இனங்கள் என்று பெயரிட்டு, எண்ணிட்டுப் பட்டியலிட்டு வருகிறார்கள். காணாததை உண்டென்று கொள்ளலாமா என்று உலகாயதர் எழுப்பிய ஐயத்துக்கு, இன்றைய மண்ணுயிரியல் தயக்கமின்றி அனுமானத்தின் பக்கமே நின்று விடையளிக்கிறது. அதே வேளையில், அனுமானம் பிழைபடும் இடங்களையும் அது கவனித்தாக வேண்டும்: இறந்த பூஞ்சையின் டி.என்.ஏ.வும் மண்ணில் எஞ்சியிருக்கலாம். எல்லா இனங்களின் மரபணுவும் ஒரே விகிதத்தில் பெருகுவதுமில்லை. ஏதுவில் உள்ள குறை முடிவிலும் தொடரும் என்று அளவைநூலார் ஏதுப்போலி என்னும் தலைப்பில் எச்சரித்தது இத்தகைய பிழைகளையே.

ஆனால் ஆழமான சிக்கல் தொகுக்கும் இடத்தில்தான் உள்ளது. இரண்டு எழுத்து வரிசைகள் எவ்வளவு ஒத்திருந்தால் அவற்றை ஓரினம் என்பது? மெய்நிகர் இனங்களை வகுப்பவர்கள் 97 விழுக்காட்டு ஒப்புமையையும் மரபுவழிக் கிளைப்படத்தையும் சேர்த்து அளவுகோலாகக் கொள்கிறார்கள். அளவுகோலை 99ஆக உயர்த்தினால் இனங்களின் எண்ணிக்கை கூடும். 95ஆகத் தாழ்த்தினால் குறையும். மண்ணில் மட்டும் எதுவும் மாறியிருக்காது. இனம் என்பது பொருளிலேயே உள்ளதா, அறிபவர் இட்ட கோடா என்னும் பழைய வழக்கு இங்கே புத்துயிர் பெறுகிறது. பல பசுக்களிலும் பொதுவாய் நின்று அவற்றைப் பசு என்று அறியச் செய்வது சாமானியம் என்னும் தனிப்பொருள் என்று நியாய வைசேடிகர் கொண்டனர். அப்படி ஒரு பொதுப்பொருள் இல்லை, பசு அல்லாதவற்றை விலக்குவதால் மட்டுமே பசு என்னும் கருத்து உண்டாகிறது என்று திக்நாகர், தர்மகீர்த்தி முதலிய பௌத்த ஆசிரியர்கள் மறுத்தனர். விலக்கலால் பொருள் உணர்த்தும் இக்கொள்கை அபோகம் எனப்படும். ஒப்புமை விழுக்காட்டால் இனத்தை வரையும் முறை அபோகக் கொள்கைக்கு நெருக்கமானது. எது உட்படாது என்னும் எல்லையே அங்கே இனத்தை ஆக்குகிறது.

ஆயினும் கோடு மனிதர் இட்டது என்பதாலேயே கோட்டுக்குள் உள்ளது கற்பனை என்று ஆகிவிடாது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு கண்டங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேர் மாதிரிகளைத் திரட்டி உள்வேர்ப்பூஞ்சைகளை ஒப்பிட்டபோது, மெய்நிகர் இனங்களில் 93 விழுக்காடு ஒன்றுக்கு மேற்பட்ட கண்டங்களிலும், 34 விழுக்காடு ஆறு கண்டங்களிலும் காணப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, உலகெங்கும் 365 இடங்களின் மண்ணை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, புறவேர்ப்பூஞ்சைகளின் பன்மை வெப்ப மண்டலத்தைவிட மிதவெப்ப, வடகாட்டுப் பகுதிகளில் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. மரவகைகள் மிக்க இடத்தில் எல்லாம் மிகும் என்ற எதிர்பார்ப்பை அது பொய்ப்பித்தது. வெறும் கற்பனைக் கோடுகள் இத்தகைய ஒழுங்கை வெளிப்படுத்தா. கோட்டை நகர்த்தினால் எண் மாறும், பரவலின் வடிவமோ பெரும்பாலும் நிலைத்து நிற்கும் என்பதால், இனம் என்பது முழுக்கப் பொருளிலும் இல்லை, முழுக்க அறிவிலும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது நிற்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

இனத்தின் எல்லை இவ்வாறு தளர்ந்தால், தனியுயிரின் எல்லையாவது உறுதியாக நிற்குமா? உள்வேர்ப்பூஞ்சையின் உடல் ஹைஃபா எனப்படும் மெல்லிய குழல் இழைகளால் ஆனது. அக்குழலுக்குள் பெரும்பாலும் குறுக்குச்சுவர்கள் இல்லாததால், ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே சைட்டோபிளாச நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. ஒரு வித்திலேயே நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. ஒரே ஓர் உட்கருவோடு இவ்வுயிர் நிற்கும் பருவம் எதுவும் அறியப்படவில்லை. விலங்கின் வாழ்வு கருவுற்ற ஒற்றைச் செல்லிலிருந்து தொடங்குவதுபோல இதன் வாழ்வுக்கு ஒரு தொடக்கப்புள்ளியைக் காட்ட இயலாது; கூட்டமே கூட்டத்தைப் பெறுகிறது. மேலும், ஒரே மரபைச் சேர்ந்த இரு பூஞ்சைகளின் இழைகள் மண்ணில் சந்தித்தால், சுவர் கரைந்து இணைந்து, உட்கருக்களைப் பகிர்ந்துகொள்ளக்கூடும். வேற்று மரபு இழையைச் சந்தித்தாலோ பெரும்பாலும் விலகி நிற்கும். இரண்டாக இருந்தவை ஒன்றானபோது, இறந்தது எது, பிறந்தது எது என்று கேட்பதற்கே இடமில்லாமல் போகிறது. வேரைத் தாக்கும் பூஞ்சையாகிய ஆர்மில்லேரியாவின் ஒரே மரபுடைய பின்னல் ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் 965 ஹெக்டேர் பரப்பில் படர்ந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அதன் நடுவே ஒரு பள்ளம் வெட்டி இரு கூறாக்கினால், ஓர் உயிர் இரண்டாகுமா, ஓர் உயிரின் உடல் மட்டும் இரண்டாகுமா என்பதற்கு உடலைப் பார்த்து விடை சொல்ல முடியாது.

இந்த இடத்தில் சமண மரபின் ஒரு பகுப்பு கருதத் தக்கது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவை பெற்ற அறிவின் வழியே ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தி, புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமுடைய ஓரறிவுயிர்களாக வைத்தது. சமணரும் தாவரத்தை ஓரறிவுயிராகவே கொண்டு, அதனினும் ஒரு படி சென்று, ஓர் உடலுக்கு ஓர் உயிர் என்று அமைந்த பிரத்தியேக வகை, எண்ணற்ற உயிர்கள் ஒரே உடலைப் பகிரும் சாதாரண வகை என்று தாவரங்களை இரண்டாகப் பகுத்தனர். இரண்டாம் வகையில் பல உயிர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக மூச்சுவிட்டு, ஒன்றாகப் பிறந்து இறக்கின்றன என்பது அவர்களின் கொள்கை. நிகோதம் எனப்படும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும், மண்ணுக்கடியில் விளையும் பல கிழங்குகளும் இதில் அடங்குவதால்தான், நோன்பில் உறுதியுடைய சமணர் கிழங்கு வகைகளைத் தவிர்க்கின்றனர். பூஞ்சையின் உட்கருவும் சமணர் கூறும் உயிரும் ஒன்றல்ல. முன்னது உடற்பொருள், பின்னது உணர்வுப்பொருள். ஆயினும் உடலின் எண்ணிக்கையும் உயிரின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சமணர் கண்ட தெளிவு, கண்ணில் படும் உடலை மட்டும் அளவாகக் கொண்டு உயிரை எண்ணும் பழக்கத்திலிருந்து சிந்தனையை விடுவிக்கிறது.

பௌத்தம் இன்னும் கடுமையான விடையைத் தரும்: தனியுயிர் என்று ஒன்றைத் தேடுவதே பிழை, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் நிகழ்வுத் தொடரே உள்ளது. மணிமேகலையின் இறுதிக் காதை விளக்கும் பன்னிரு சார்புகள் இக்கொள்கையின் சுருக்கம். வேர்ப்பூஞ்சைக்கு இது பெரிதும் பொருந்துவதாகவே முதலில் தோன்றும். உள்வேர்ப்பூஞ்சையால் தாவரத்தின் துணையின்றி வாழ்ந்து முடிக்க இயலாது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைப் புதிதாக ஆக்கும் மரபணுத் தொகுதியே அதனிடம் இல்லை; சர்க்கரையோடு கொழுப்பையும் தாவரமே அதற்கு அளிக்கிறது என்பது 2017இல் தெளிவாயிற்று. ஒளிச்சேர்க்கையால் தாவரம் ஆக்கும் கரிமப்பொருளில் 4 முதல் 20 விழுக்காடு வரை பூஞ்சைக்குச் செல்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பதிலுக்குப் பூஞ்சை, வேரைவிட மெல்லிய தன் இழைகளால் மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து, எளிதில் நகராத பாஸ்பரஸாகிய மணிச்சத்தைத் திரட்டித் தருகிறது. இவ்வாறு ஒன்றின் உடல் மற்றொன்றின் கொடையால் ஆனபின், இரண்டையும் தனித்தனிப் பொருளென்று பேசுவது வெறும் வழக்குமொழிதானா?

இவ்வினாவுக்கு விடை, வேரின் ஒரு செல்லுக்குள் நிகழ்வதைக் கூர்ந்து பார்த்தால் கிடைக்கும். மணிச்சத்துக் குறைந்தபோது தாவரம் ஸ்டிரைகோலாக்டோன் என்னும் வேதிப்பொருளை வேரின் வழியே மிகுதியாகக் கசியவிடுகிறது. இது பூஞ்சை இழையைக் கிளைவிடத் தூண்டும் குறிப்பாக அமைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் கண்டறிந்தனர். பூஞ்சையும் தன் பங்குக்கு வேதிக்குறிப்புகளை வெளிவிட்டுத் தன் வருகையை உணர்த்துகிறது. அதன்பின் பூஞ்சை இழை வேரின் செல்சுவரைத் துளைத்து உள்ளே செல்கிறது. ஆனால் சுவருக்கு உட்புறம் உள்ள செல்சவ்வை அது ஒருபோதும் கிழிப்பதில்லை. இழை நுண்கிளைகளாகப் பிரியப் பிரிய, தாவரத்தின் சவ்வும் புதிதாக வளர்ந்து ஒவ்வொரு கிளையையும் போர்த்துக்கொண்டே செல்கிறது. பூஞ்சையின் சவ்வு ஒன்று, தாவரத்தின் சவ்வு ஒன்று, இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய ஓர் இடைவெளி: கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்த இடைவெளியின் ஊடாகவே நடக்கிறது. மணிச்சத்தை உள்வாங்கும் புரதம் பழுதுபட்ட செடிகளில் ஆர்பஸ்கூல் முன்கூட்டியே சிதைந்துவிடுகிறது. பழுதில்லாத செடியிலும் அது சில நாள்களே நிலைத்து, பின்னர் செல்லால் கரைக்கப்பட, அதே செல் மீண்டும் ஒரு பூஞ்சையை ஏற்கும் தகுதியோடு எஞ்சுகிறது.

இவ்வளவு நெருக்கத்திலும் கலந்து ஒன்றாகாமை இவ்வுறவின் குறைபாடன்று. உறவு நடப்பதற்கான நிபந்தனையே அதுதான். சவ்வு கிழிந்து இரண்டும் கலந்தால் அது நோயாகவோ இறப்பாகவோ முடியும். சவ்வுகள் நெருங்கவே இல்லையென்றால் பரிமாற்றம் இல்லை. வேறாக இருத்தலும் சேர்ந்திருத்தலும் ஒன்றையொன்று குறைப்பவை என்னும் பொது எண்ணம் இங்கே தவறாகிறது. வேறாக இருப்பதனாலேயே சேர்ந்திருக்க முடிகிறது. சார்பு உண்டு என்பதிலிருந்து தனிப்பொருள் இல்லை என்ற முடிவுக்குப் பாய்வது அவசரமானது என்பதையும் இதிலிருந்து கொள்ளலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில் வகுத்த நெறி இத்தகைய உறவைச் சிந்திக்க மிக நுண்ணிய மொழியைத் தந்திருக்கிறது. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைச் சைவ சித்தாந்தம் ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்று மூன்று கூறாக உரைக்கும்: கலப்பால் ஒன்றாய் நிற்றல், பொருள் தன்மையால் வேறாய் நிற்றல், இயக்குவதில் உடனாய் நிற்றல் என மூன்றும் ஒரே வேளையில் மெய்யாகும், ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளினால் உறவின் இயல்பு கெட்டுவிடும். இக்கொள்கை இறைவனைப் பற்றியது என்பதையும், இறைவன் உயிரைச் சாராதவன் என்பது அதன் அடிப்படை என்பதையும் மறந்து, அதைப் பூஞ்சைக்கும் வேருக்கும் அப்படியே பொருத்துவது கொள்கைக்கும் அறிவியலுக்கும் செய்யும் அநீதியாகும். வேரும் பூஞ்சையும் இரண்டும் வரம்புடையவை, இரண்டும் குறையுடையவை. எனினும் ஒருமைவாதத்துக்கும் முழுப் பிரிவுவாதத்துக்கும் இடையே மூன்றாவது ஒரு நிலை அறிவுக்கு முரணாகாமல் நிற்க முடியும் என்று சித்தாந்தம் நிறுவிக்காட்டிய வாதமுறை, பொருள் மாறினும் பயன் தரும். ஆர்பஸ்கூல் என்னும் ஒரே உறுப்பைத் தாவரமும் பூஞ்சையும் சேர்ந்தே அமைக்கின்றன என்பதால் அவை ஒன்று. சவ்வாலும் மரபாலும் அவை வேறு. மணிச்சத்தும் கொழுப்பும் இடம்மாறும் செயலில் அவை உடன். இம்மூன்றில் எந்த ஒன்றையும் விட்டுவிட்டு வேர்ப்பூஞ்சையை விளக்க முடியாது.

உறவு உயிரை ஆக்குவதில் எவ்வளவு பங்குடையது என்பதற்குக் காடு வளர்ப்பின் வரலாறு சான்று தருகிறது. பைன் மரம் இயற்கையாக வளராத போர்ட்டோ ரிக்கோ தீவில், விதையிலிருந்து முளைத்த பைன் கன்றுகள் பல ஆண்டுகளாக வெளிறிக் குன்றி மடிந்துகொண்டிருந்தன. 1950களில் அமெரிக்கப் பைன் காடுகளின் மண்ணைக் கொண்டுவந்து இட்டபின், அதிலிருந்த புறவேர்ப்பூஞ்சைகளால் கன்றுகள் செழித்தன. விதைக்குள் பைன் மரத்தின் மரபணுக்கள் முழுமையாக இருந்தன. ஆனால் பைன் மரம் முழுமையாக இல்லை. அதேபோல ஆர்க்கிடுகளின் தூசி போன்ற விதைகளில் சேமிப்புணவு ஏறத்தாழ இல்லாததால், இயற்கையில் பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி அவை வளர்வதில்லை என்று நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், இயற்கை அன்பால் ஆனது என்று முடிவுகட்டும் ஆசை இயல்பாக எழும். 1997இல் சூசன் சிமார்டும் அவருடைய குழுவினரும் கனடாவில், பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கும் இடையே கரிமம் இடம்மாறுவதை அடையாளமிட்ட அணுக்களின் துணையால் காட்டியபின், காட்டு மரங்கள் பூஞ்சை வலையின் வழியே பேசிக்கொள்கின்றன, தாய்மரம் தன் கன்றை ஊட்டி வளர்க்கிறது என்னும் எண்ணங்கள் மக்களிடையே பரவின. 2023இல் இத்துறையைச் சேர்ந்த மூன்று அறிஞர்கள் அதுவரை வெளியான களஆய்வுகளை மீளாய்வு செய்து, இத்தகைய பெருங்கூற்றுகளுக்குப் போதிய சான்று இல்லை என்று எடுத்துக்காட்டினர். மறுபுறம், 2011இல் டோபி கியர்ஸும் அவருடைய குழுவினரும், மிகுதியாக மணிச்சத்து தரும் பூஞ்சைக்குச் செடி மிகுதியாகக் கரிமம் தருவதையும், பூஞ்சையும் அவ்வாறே நடந்துகொள்வதையும் கண்டு, இதை ஒரு சந்தையாக விளக்கினர். பச்சையமே இல்லாத மோனோட்ரோப்பா போன்ற தாவரங்களோ எதையும் திருப்பித் தருவதாகத் தெரியாமலே பூஞ்சையிடமிருந்து உணவு பெற்று வாழ்கின்றன. பூஞ்சையை அழைக்கும் அதே ஸ்டிரைகோலாக்டோன், கரும்பையும் சோளத்தையும் உறிஞ்சும் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களையின் விதையையும் முளைக்கத் தூண்டுகிறது. ஒரே குறிப்பு துணையையும் எதிரியையும் எழுப்பும் இடத்தில், அன்பு என்ற சொல்லும் சந்தை என்ற சொல்லும் மனிதர் கொண்டுசென்று வைத்த சொற்களே.

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்றலே அவற்றின் செயல் என்று சமணரின் தத்துவார்த்த சூத்திரம் உரைப்பதையும் இவ்வாறு கவனத்தோடு கொள்ள வேண்டும். அந்நூலின் உரைமரபு, இன்பத்துக்கு மட்டுமின்றித் துன்பத்துக்கும் உயிர்கள் ஒன்றுக்கொன்று காரணமாவதைச் சேர்த்தே பேசுகிறது. உதவியும் இடையூறும் ஒரே சார்பின் இரு முகங்கள் என்ற இப்பார்வைக்கு மண்ணில் சான்று உண்டு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், உள்வேர்ப்பூஞ்சை இனங்கள் கூடக்கூடத் தாவரப் பன்மையும் விளைச்சலும் கூடின. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் புல்வெளியில் பூஞ்சைகளை மருந்திட்டு அடக்கியபோதும் தாவரப் பன்மை கூடியது. அங்கே பூஞ்சையால் மிகுந்த பயன்பெற்று மற்றவற்றை ஒடுக்கியிருந்த சில உயர்புற்கள் தளர்ந்ததே காரணம். பூஞ்சை நல்லதா என்ற பொதுக்கேள்விக்கு விடையில்லை. எந்தப் பூஞ்சை, எந்தச் செடியோடு, எந்த மண்ணில் என்று கேட்டால் மட்டுமே விடை உண்டு.

எனவே வேர்ப்பூஞ்சைகளின் பன்மை என்பதற்கு இரு பொருள் உண்டு. பட்டியலில் உள்ள பெயர்களின் எண்ணிக்கை ஒரு பொருள்; இது அளவுகோலுக்கேற்ப மாறக்கூடியது, தேவையானது, ஆனால் முழுமையற்றது. பெயர்களுக்கிடையே உள்ள உறவுகளின் வேறுபாடு மற்றொரு பொருள். எவ்வினம் எவ்வேரில் எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுகிறது, எந்த நிலையில் துணையாகவும் எந்த நிலையில் சுமையாகவும் மாறுகிறது என்பதை அது குறிக்கும். இரண்டாம் பொருளில் பன்மை அழிவதற்கு ஓர் இனமும் முற்றாக மறைய வேண்டியதில்லை. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் செடி தன் அழைப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆழ உழும்போதெல்லாம் இழைப்பின்னல் அறுகிறது. ஐரோப்பாவின் 20 நாடுகளில் 137 காட்டுப் பகுதிகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, காற்றின் வழியே வந்து படியும் நைட்ரஜன் மாசு புறவேர்ப்பூஞ்சைகளின் கூட்டமைப்பை மாற்றிவருவதைக் காட்டியது. வித்தாக மண்ணில் உறங்கும் பூஞ்சை பட்டியலில் இருக்கும். அதன் உறவு இருக்காது.

கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் தீங்கு செய்யலாகாது என்ற சமண அறம், அவ்வுயிரை நேரில் காணாமலே அதன் பொருட்டுத் தன் செயலை வரம்புக்கு உட்படுத்திக்கொண்டது. இன்றைய உழவரும் அறிவியலாளரும் ஆட்சியாளரும் அதே அளவு நோன்பு நோற்க இயலாது. உணவு விளைந்தாக வேண்டும், உழவின்றி அது பெரும்பாலும் விளையாது. ஆனால் காணாததைப் பொருட்படுத்தும் கடமை அவர்களுக்கும் உண்டு. அனுமானத்தால் அறிந்ததும் அறிவே என்று ஆய்வுக்கூடத்தில் ஏற்றுக்கொண்டவர், வயலுக்கும் காட்டுக்கும் வந்தபின் அதை அறியாதவர்போல் நடந்துகொள்வது அறிவுக்கே முரணாகும். மண்பரிசோதனையில் மணிச்சத்து போதிய அளவு உள்ளதென்று தெரிந்த வயலில் மேலும் உரமிடாதிருத்தல், உழவு தேவையற்ற இடத்தில் மண்ணைக் கிளறாதிருத்தல், பழைய காட்டை வெட்டிவிட்டுப் புதிய கன்றுகளை நட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று எண்ணாதிருத்தல் ஆகிய மூன்றும் அக்கடமையின் எளிய வடிவங்கள்.

எது ஒன்று என்னும் கேள்விக்கு வேர்ப்பூஞ்சை தரும் விடை, தனியாக நின்று முழுமையான ஒன்று உலகில் அரிது என்பதாகும். ஆனால் எல்லாம் கலந்த ஒரே ஒன்றும் அங்கே இல்லை. தன்மை கெடாமல் வேறாக நிற்பவை, வேறாக நிற்பதனாலேயே ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன. பன்மையைக் காத்தல் என்றால் வேறுபட்டவற்றைத் தனித்தனியே சேமித்துவைத்தல் என்று கொள்வது போதாது. அவை தத்தம் வேறுபாட்டோடு ஒன்றையொன்று சந்திக்கும் நிலைமைகளைக் காத்தல் என்றே கொள்ள வேண்டும். அந்நிலைமைகள் அழிந்த மண்ணில், பெயர்ப்பட்டியல் ஒரு வரியும் குறையாமல் இருந்தாலும், பன்மை அழிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.